குறைத்திடு, உயர்த்திடு

இரும்பைப் பற்றி எனக்குத் தெரிந்தது இரண்டே விஷயம். மழையில் நனைந்தால் துரு பிடிக்கும். எவனாவது அதற்கு வரி போட்டால் நான் வாயைத் திறந்துவிடுவேன்.

முதல் விஷயம் ஊருக்கே தெரியும். இரண்டாவது, ராஜகீழ்ப்பாக்கம் முனையில் டீ குடிக்க வருகிறவர்களுக்கு மட்டும்தான் தெரியும், பாவம். இரண்டாயிரத்து இரண்டில் அமெரிக்கா தன் நாட்டுக்குள் வருகிற இரும்புக்கு வரி போட்டது. தன் ஊர் ஆலைத் தொழிலாளிகளின் வேலையைக் காப்பாற்றவாம். தமிழ்ப் பேப்பரில் ஒரு நகைக்கடை விளம்பரத்துக்குக் கீழே கையகல இடத்தில் அந்தச் செய்தி வந்திருந்தது. நான் அதைப் படித்துவிட்டு நெடுநேரம் பேசினேன். "ஆலைக்காரனைக் காப்பாத்தினா, இரும்பு வாங்கி கார் செய்யறவன் கதி என்ன? அவன் வேலை போகாதா?" என்று ஆவேசமாகக் கேட்டேன். டீ மாஸ்டர், "சார், கிளாஸ வெச்சிட்டுப் பேசுங்க, அடுத்த ஆளுக்கு வேணும்" என்றார். மறு வருடமே அமெரிக்கா அந்த வரியை எடுத்துவிட்டது. நான் சொல்லித்தான் எடுத்தார்கள் என்று யாரிடமும் நான் சொல்லவில்லை. யாராவது அப்படி நினைத்தால் மறுக்கவும் இல்லை.

இந்த ஞானமெல்லாம் எனக்கு ஒரு பீரோ பட்டறையில் வந்தது. ராஜகீழ்ப்பாக்கத்தில் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு தகரக் கொட்டகை. பத்துப் பன்னிரண்டு பேர் இரும்பு ஷீட்டை வெட்டி, மடக்கி, வெல்டு வைத்து, பெயின்ட் அடித்து பீரோவாக்குவார்கள். முதலாளியை எல்லோரும் பாய் என்போம். நான் அங்கே கணக்கு எழுதுவேன், பாரிமுனை வியாபாரிகளிடம் ஷீட்டுக்கு ஆர்டர் சொல்வேன், கரண்ட் போனால் ஈ.பி.க்கு போன் போடுவேன். கணக்குப்பிள்ளை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். மேனேஜர் என்று சொன்னால் பாய்க்குச் சிரிப்பு வரும். ஆகவே நானே என் செலவில் விசிட்டிங் கார்டு அடித்து, 'நிர்வாகம்' என்று பொதுவாகப் போட்டுக்கொண்டேன்.

என்னுடைய இன்னொரு தொழில் கோஷம் எழுதுவது. அதில் வருமானம் கிடையாது, மரியாதை உண்டு என்று நம்பிக்கொண்டிருந்தேன். நான் குடியிருந்த அஸ்தினாபுரத்தில் மழைநீர் வடிகால் கேட்டு நகர்நலச் சங்கத்துக்காரர்கள் ஓர் ஆர்ப்பாட்டம் நடத்தினார்கள். அதற்கு, "வாய்க்கால் எங்கே? வாய்க்கால் எங்கே? வாக்குக் கேட்ட வாய்தான் எங்கே?" என்று எழுதிக் கொடுத்தேன். வாய்க்கால் வரவில்லை. ஆனால் கோஷம் சேலையூர் வரைக்கும் போய்விட்டது. அங்கிருந்து குடிநீருக்காக ஆள் வந்தது, பிறகு பஸ்ஸுக்காக வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. எழுதுவது மட்டும் போதாது, மைக்கைப் பிடித்து நானே சொல்வேன் என்று நிபந்தனை வைக்க ஆரம்பித்தேன்.

கோஷம் போடுவதில் ஒரு சௌகரியம் உண்டு. மைக் வைத்திருப்பவன் முன்பாதி சொன்னால் கூட்டம் அதைத் திருப்பிச் சொல்லும். பின்பாதி சொன்னால் அதையும் திருப்பிச் சொல்லும். என்ன சொல்கிறோம் என்று யாரும் யோசிப்பதில்லை. யோசித்தால் தாளம் தப்பிவிடும். வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டால்கூட இரண்டு முறை கேட்க வேண்டியிருந்த எனக்கு, நூறு பேர் என் சொல்லை உடனுக்குடன் திருப்பிச் சொல்வது போதையாகத்தான் இருந்தது.

இரண்டாயிரத்து எட்டு கோடையில் இரும்பு விலை ஏறியது. காலையில் ஒரு விலை சொன்ன பாரிமுனை வியாபாரி மாலையில் இன்னொரு விலை சொன்னார். நேற்றைய விலையில் அட்வான்ஸ் வாங்கிய பீரோவை இன்றைய ஷீட்டில் செய்ய வேண்டும். போதாததற்குக் கரண்ட் வேறு முறை வைத்துப் போனது. பட்டறையில் இரண்டு பேரை நிறுத்தலாமா என்று பாய் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். அந்த இரண்டு பேரில் 'நிர்வாகம்' ஒருவராக இருக்க நிறைய வாய்ப்பு இருந்தது.

தாம்பரம் சுற்றுவட்டாரத்துப் பட்டறைக்காரர்கள் ஒன்று சேர்ந்தார்கள். பீரோ, கிரில் கேட், ரேக், டிரம் என்று ஷீட்டையும் கம்பியையும் நம்பிப் பிழைக்கிறவர்கள். வெளிநாட்டு இரும்புக்கு இருக்கிற இறக்குமதி வரியை எடுத்தால் இங்கே விலை இறங்கும், ஆகவே வரியைக் குறை என்பது கோரிக்கை. கோஷத்துக்கு என்னிடம் வந்தார்கள். நான் கொஞ்சம் யோசிப்பதுபோல் பாவனை செய்துவிட்டு ஒப்புக்கொண்டேன்.

"குறைத்திடு, குறைத்திடு! இறக்குமதி வரியைக் குறைத்திடு! ஆலைக்காரனுக்கு லாபமா? பட்டறைக்காரனுக்குச் சாபமா?"

தாம்பரம் பஸ் ஸ்டாண்டு எதிரில் நடந்தது. அன்றைக்கு என் குரல் நன்றாக இருந்தது. எந்த ஆர்ப்பாட்டத்துக்கும் சாதா உடையில் ஒரு போலீஸ்காரர் வருவார். ஓரமாக நின்று எல்லாக் கோஷத்தையும் எழுதிக்கொள்வது அவர் வேலை. "சார், அந்த லாபத்துக்கு அப்புறம் என்ன சொன்னீங்க?" என்று கிட்டே வந்து கேட்டுச் சரிபார்த்துக்கொண்டு போனார். நான் எழுதியதை ஒரு சொல் விடாமல் எழுதி வைத்துக்கொண்ட ஒரே வாசகர் அவர்தான். நான் இரண்டு முறை நிறுத்தி நிதானமாகச் சொன்னேன்.

நிஜமாகவே டெல்லியில் வரியை எடுத்துவிட்டார்கள். செய்தி வந்த அன்று பட்டறையில் எல்லோருக்கும் என் கணக்கில் டீயும் வடையும் வாங்கினேன். நாடு முழுக்கப் பெரிய பெரிய கம்பெனிக்காரர்கள் மாதக்கணக்காக இதையே கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது பேப்பரில் இருந்தது. அந்தப் பத்தியை நான் படிக்கவில்லை. பாய் மட்டும் வடையைப் பிய்த்துக்கொண்டே, "தம்பி, வரி எறங்கிடிச்சு, சரி. ஷீட்டு எறங்கிச்சா?" என்று கேட்டார். "பழைய ஸ்டாக் தீரணும் பாய், உலகச் சந்தைன்னு ஒண்ணு இருக்குல்ல" என்றேன். "ஓஹோ" என்றார். அவர் ஓஹோ என்றால் மேற்கொண்டு பேசக் கூடாது.

இந்தக் கதையில் நான் இதுவரை சொல்லாத ஒருவர் என் மச்சான். என் மனைவியின் அண்ணன். முடிச்சூரில் வீடு. வண்டலூர் தாண்டி ஒரு ரோலிங் மில்லில், அதாவது இரும்பைக் காய்ச்சிக் கட்டடக் கம்பியாக இழுக்கிற ஆலையில், இருபது வருஷத்துக்கு மேலாக வேலை. செக்கச் சிவந்த இரும்புக் கட்டை உருளைகளுக்குள் புகுந்து அந்தப் பக்கம் கம்பியாக வரும். அந்த உருளைகள் பொருத்திய எந்திரத்தை ஸ்டாண்டு என்பார்கள். ஒரு ஸ்டாண்டு மச்சானுடைய பொறுப்பு. விடுமுறை நாளில்கூட அதைப் பற்றித்தான் பேசுவார். "நேத்து லைட்டா ஜுரம் அதுக்கு" என்பார், பேரிங் சூடானதைத்தான் அப்படிச் சொல்வார். அவருடைய முடிச்சூர் வீட்டு மொட்டை மாடியில் மேல்தளம் கட்டுவதற்காக விட்ட கம்பிகள் அந்த மில்லில் இழுத்தவை. மேல்தளம் கட்டினால்தான் பெண்ணுக்குக் கல்யாணம் செய்து பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம் என்பது அவர் திட்டம்.

வரியை எடுத்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை மச்சான் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். என் வெற்றியை நானே விவரித்தேன். அவர் மீன் குழம்பை நிதானமாகப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"இன்னா மாப்ள, வெளிநாட்டுக் கம்பி வரி இல்லாம உள்ள வந்தா, நான் இழுக்கிற கம்பிய எவன் வாங்குவான்?"

"மச்சான், அது வேற, இது வேற. நாங்க கேட்டது ஷீட்டுக்கு."

"கம்பிக்கும்தான் எடுத்துட்டான். மில்லுல பேசிக்கினாங்க."

நான் போட்டி, தரம், நுகர்வோர் நலன் என்று எனக்குத் தெரிந்த பெரிய சொற்களையெல்லாம் இறக்கினேன். அவர் இன்னும் ஒரு துண்டு மீன் வாங்கிக்கொண்டார். என் மனைவி மட்டும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "உங்க வாயால எங்க அண்ணன் வேலைக்கு ஏதாவது வந்துச்சு, அப்புறம் இருக்கு" என்றாள். உலகச் சந்தையைக் குறித்து எங்கள் வீட்டில் நடந்த ஒரே கருத்துப் பரிமாற்றம் அதுதான்.

அந்த வருடக் கடைசியில் எல்லாம் தலைகீழானது. எங்கோ அமெரிக்காவில் வங்கிகள் விழுந்தன, இங்கே இரும்பு விலை பொத்தென்று இறங்கியது. கார் கம்பெனிகளுக்கு உதிரி பாகம் செய்கிற ஷெட்டுகளில் ஷிப்டைக் குறைத்தார்கள். கட்டடங்கள் பாதியில் நின்றன. எங்கள் பட்டறை பிழைத்துக்கொண்டது, ஏனென்றால் என்ன ஆனாலும் ஜனங்கள் கல்யாணம் செய்துகொண்டார்கள், கல்யாணம் என்றால் சீருக்குப் பீரோ வேண்டும். ஷீட்டும் மலிவாகிவிட்டது. நான் மகிழ்ச்சியாக இருந்தேன் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் இருந்தேன்.

மச்சான் மில்லில் வாரத்தில் பாதி நாள் உலையை அணைத்துப் போட்டார்கள். வெளிநாட்டுக் கம்பி துறைமுகத்தில் மலிவாக வந்து இறங்குகிறது, போட்டி போட முடியவில்லை என்று ஆபீஸில் சொன்னார்களாம். ஒருநாள் சாயங்காலம் மச்சான் பட்டறைக்கே வந்துவிட்டார். அவர் பட்டறைக்கு வந்ததே இல்லை. கொஞ்ச நேரம் பீரோக்களை ஒவ்வொன்றாகத் திறந்து மூடிப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"மாப்ள, எங்க யூனியன்ல ஆர்ப்பாட்டம் வெச்சிருக்காங்க. வரிய திரும்பப் போடச் சொல்லி. நீ தான் எழுதித் தரணும்."

"நானா?"

"நீ கேட்டுதான போச்சு? நீ கேட்டா வந்துரும்."

அவர் கிண்டல் செய்தாரா, நம்பினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் நம்பினார் என்றே எடுத்துக்கொண்டேன். அவர் முகத்தில் ஒரு பயம் இருந்தது, அதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எழுதித் தருகிறேன் என்றேன். பாய் உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "வரி ஏறினா நமக்கு ஷீட்டு ஏறுமே தம்பி?" என்றார். "சொந்தம் பாய்" என்றேன். "ஓஹோ" என்றார்.

கோஷத்தில் என்னென்ன வரவேண்டும் என்று மில் ஆபீஸிலிருந்தே குறிப்பு வந்தது. ஆர்ப்பாட்டத்துக்கு ஆட்களை ஏற்றிவரப் பஸ்ஸும் மில் செலவு, தக்காளி சாதப் பொட்டலமும் மில் செலவு. முதலாளி செலவில் தொழிலாளி ஆர்ப்பாட்டம் நடத்துவது கொஞ்சம் விசித்திரம்தான். எனக்கு அப்போது உறைக்கவில்லை. குறிப்பில் இருந்த சொற்கள் எதுகை மோனைக்கு அவ்வளவு தோதாக இருந்தன.

"சீனத்துக் கம்பிக்குச் சிவப்புக் கம்பளமா? சென்னைக் கம்பிக்குத் துருதான் மிச்சமா? உயர்த்திடு, உயர்த்திடு! இறக்குமதி வரியை உயர்த்திடு! டெல்லியே டெல்லியே தூங்காதே! தேசத் தொழிலைத் தாங்காது போகாதே!"

கடைசி அடி இலக்கணப்படி நிற்குமா என்று சந்தேகம் இருந்தது. மைக்கில் சொன்னால் நிற்கும் என்று விட்டுவிட்டேன்.

அதே பஸ் ஸ்டாண்டு, அதே இடம், வாடகைக்கு எடுத்த மைக் செட்டும் அதே. சாதா உடைப் போலீஸ்காரரும் அதே. என்னைப் பார்த்ததும் அருகில் வந்து, "சார், போன தபா நீங்க குறைக்கத்தான சொன்னீங்க?" என்று கேட்டார். சூழ்நிலை மாறினால் நிலைப்பாடும் மாறவேண்டும் என்று அவருக்கு விளக்கினேன். அவர் அதையும் எழுதிக்கொண்டாரோ என்னவோ.

நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். முன்வரிசையில் மச்சான், துவைத்துப் போட்ட வெள்ளைச் சட்டையில். சீனத்துக் கம்பியும் சென்னைக் கம்பியும் பிரமாதமாக எடுபட்டன. கூட்டம் சூடாகிவிட்டது. எனக்கும் சூடேறியது. கண்ணை மூடிக்கொண்டு, கையை வீசி, அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"குறைத்திடு, குறைத்திடு!"

நூறு பேரும் கையை உயர்த்தி, "குறைத்திடு, குறைத்திடு!" என்றார்கள்.

"இறக்குமதி வரியைக் குறைத்திடு!"

"இறக்குமதி வரியைக் குறைத்திடு!"

கூட்டத்தின் உற்சாகத்தைக் கேட்டு நான் இன்னொரு முறை சொன்னேன். அவர்களும் இன்னொரு முறை சொன்னார்கள். கம்பி இழுக்கிறவர்கள் தங்கள் கம்பிக்குக் குழி வெட்டச் சொல்லி, அதுவும் தாளம் தப்பாமல், தாம்பரமே அதிரக் கத்தினார்கள். மூன்றாவது முறை சொல்லக் கண்ணைத் திறந்தபோது மச்சானின் கை பாதி உயர்ந்த நிலையில் நின்றுபோயிருந்தது. பஸ்ஸுடன் வந்த மில் ஆபீஸ் ஆள் தக்காளி சாதத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். யூனியன் தலைவர் என் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தார்.

அந்த இடத்தில் நிறுத்தி மன்னிப்புக் கேட்பவன் மனிதன். நான் சமாளித்தேன்.

"குறைத்திடு என்று சொல்பவனை! கூண்டில் ஏற்று, கூண்டில் ஏற்று!"

"குறைத்திடு என்று சொல்பவனை! கூண்டில் ஏற்று, கூண்டில் ஏற்று!" என்றது கூட்டம், என்னையே பார்த்து.

சாதா உடைக்காரர் பேனாவை வாயில் வைத்துக்கொண்டு மேடைக்குப் பக்கத்தில் வந்தார். "சார், கடைசியா எதைச் சார் எழுதிக்கறது? குறைக்கறதா, உயர்த்தறதா?" என்று மெதுவாகக் கேட்டார். "உயர்த்தறது" என்றேன். "அப்ப அந்தக் கூண்டு?" என்றார். அதை விட்டுவிடும்படி கேட்டுக்கொண்டேன்.

எங்கள் வீட்டுக்குப் போகும் வழியில் பஸ்ஸில் மச்சான் என்னருகில் உட்கார்ந்தார். சானடோரியம் தாண்டியதும் அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். "உன்ன உள்ள தள்ளச் சொல்லி நீயே கத்தின பாரு மாப்ள..." என்று முடிக்க முடியாமல் சிரித்தார். நானும் அசடு வழியச் சிரித்தேன். அவர் மில் வேலை போய்விடுமோ என்று பயந்துகொண்டிருந்த அந்த நாட்களில் அவர் மனம்விட்டுச் சிரித்தது அன்று மட்டும்தான் என்று மனைவி பிறகு சொன்னாள். என் பொதுவாழ்வில் உருப்படியாகச் செய்தது அதுவாகத்தான் இருக்கும்.

டெல்லி இந்த முறையும் கேட்டுவிட்டது. வரியைத் திரும்பப் போட்டார்கள். நாங்கள் கத்துவதற்கு முன்பே முடிவெடுத்திருப்பார்கள் என்று டீக்கடையில் ஒருவர் சொன்னார். அவரோடு நான் பேச்சை நிறுத்திக்கொண்டேன். குறை என்றேன் குறைத்தார்கள், உயர்த்து என்றேன் உயர்த்தினார்கள் என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தேன். மச்சானுக்கு போன் செய்து, "இனி கவலையில்ல மச்சான்" என்றேன். "உன் புண்ணியம் மாப்ள" என்றார்.

பொங்கல் லீவு முடிந்து வேலைக்குப் போனவர்களுக்கு மில் கேட் பூட்டியிருந்தது.

அன்று சாயங்காலம் மச்சான் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் டிபன் கேரியர். காலையில் அவர் மனைவி கட்டிக் கொடுத்தது, திறக்கப்படவே இல்லை. என் மனைவி அதை வாங்கும்போது அதன் கனத்திலேயே விஷயம் தெரிந்து உள்ளே போய்விட்டாள். நான்தான் கேட்டேன்.

"வரிதான் வந்துருச்சே மச்சான்?"

"வந்துச்சு. ஆபீஸ்ல அதத்தான் சொன்னான். வரி வந்தது நல்லதுதான், ஆனா மொதலாளி இனிமே மில்லு ஓட்டறதா இல்லையாம். எடத்த குடோனா ஆக்கி, கம்பி வாங்கி விக்கப் போறாராம். ஓட்டறத விட வாங்கி விக்கிறது பேஜார் இல்லையாம்."

"அப்ப நம்ம ஆர்ப்பாட்டம்?"

"அதுக்குத் தேங்க்ஸ்னு சொன்னான்."

என்னைப் பார்க்காமலே பேசினார். கோபமே இல்லை.

"நாம டெல்லிய கேட்டோம். சீனாக்காரன திட்னோம். எங்க மில்லு கேட்டாண்ட போயி மொதலாளிய ஒரு வார்த்த கேக்கலியே மாப்ள. எங்கள வேலைய வுட்டுத் தூக்காதன்னு அதுல ஒன்னு கூட எழுதலியே நீ."

மனதுக்குள் அந்தக் கோஷங்களையெல்லாம் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். சீனா இருந்தது, டெல்லி இருந்தது, தேசம் இருந்தது, துருகூட இருந்தது. மச்சானுடைய வேலை எங்கேயும் இல்லை. அவர் என்னிடம் வந்ததே அதற்காகத்தான். அதை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் எதுகையோடு எழுதியிருக்கிறேன். வலித்தது. இவ்வளவு எளிய விஷயம் தெரியாத மடையனாக இருந்திருக்கிறேனே என்று என் மேலேயே ஆத்திரமாக வந்தது.

"இப்ப ஒன்னு எழுதிக் குடு" என்றார் மச்சான். "நாளிக்குக் காலைல நாங்க கொஞ்ச பேர் கேட்டாண்ட போறோம்."

உட்கார்ந்தேன். எதுகை வரவில்லை. மோனை வரவில்லை. 'வேலையைப் பறிக்காதே' என்பதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை. இதுவா என் தொழில் என்று அவமானமாக இருந்தது. டம்ளரில் காப்பி கொண்டுவந்த மனைவி எட்டிப் பார்த்தாள். "இது போதுமே. இதுல என்ன கொறச்சல்?" என்றாள்.

மறுநாள் பாயிடம் லீவு கேட்டேன். காரணம் சொன்னதும், இந்த முறை ஓஹோ என்று சொல்லாமல், "போயிட்டு வாங்க தம்பி" என்றார்.

மைக் இல்லை. பந்தல் இல்லை. போலீஸ் அனுமதி வாங்கவில்லை, ஆகவே எழுதிக்கொள்ள என் வாசகரும் இல்லை. யூனியன் தலைவர் வெளியூர் போயிருந்தார். மில் கேட்டுக்கு எதிரில் முப்பது பேர் போல நின்றோம். மச்சான்தான் கோஷத்தை எடுத்துக் கொடுத்தார். "வேலையைப் பறிக்காதே!" என்று கட்டைக் குரலில் கத்தினார், நாங்கள் திருப்பிச் சொன்னோம். நான் பின்வரிசையில் இருந்தேன். கேட்டுக்கு உள்ளே செக்யூரிட்டி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து எங்களைக் கேட்டுக்கொண்டிருந்தார். முதலாளி உள்ளே இல்லை என்று இரண்டு முறை பணிவாகச் சொன்னார்.

வெயில் ஏறிய பிறகு உள்ளேயிருந்து இன்ஜின் சத்தம் கேட்டது. செக்யூரிட்டி எழுந்து கேட்டை இரண்டு பக்கமும் அகலத் திறந்தார். ஒரு லாரி வெளியே வந்தது. அதன்மேல் தார்ப்பாய் பாதி மூடிய ஒரு பெரிய எந்திரம், கயிறு போட்டுக் கட்டியிருந்தது. முன்னால் நின்றவர்கள் கத்துவதை நிறுத்திவிட்டார்கள். எனக்கு யாரும் சொல்லவேண்டிய அவசியமே இருக்கவில்லை. மச்சான் முகத்தைப் பார்த்தால் போதும், அது அவருடைய ஸ்டாண்டு.

கேட்டுக்கு எதிரே ரோடு குறுகல். ஒரு பக்கம் சாக்கடை, இன்னொரு பக்கம் ஈ.பி. கம்பம். லாரியைத் திருப்ப முடியாமல் டிரைவர் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தான். சின்னப் பையன், இந்த இடத்துக்குப் புதுசு. மச்சான் திடீரென்று, "ஏய், நிறுத்து! நிறுத்து!" என்று ஓடினார்.

மறிக்கப் போகிறார் என்று என் நெஞ்சு துள்ளியது. "வேலையைப் பறிக்காதே!" என்று இருக்கிற குரலையெல்லாம் கூட்டிக் கத்தினேன். யாரும் திருப்பிச் சொல்லவில்லை.

மச்சான் லாரியின் பின்னால் போய்ப் பலகையில் கையால் தட்டினார். "இன்னும் ஒரு அடி வந்தா ஸ்டாண்டு கேட்டுத் தூண்ல இடிக்கும். முன்ன எடு. ஆங்... ரைட்ல ஒடி, ஒடி, நல்லா ஒடி. வுடு." மற்றவர்களும் நகர்ந்தார்கள். ஒருவர் டயருக்கு அடியில் கிடந்த கல்லை எடுத்துப் போட்டார். இன்னும் இரண்டு பேர் சாக்கடை மேல் உடைந்திருந்த இடத்தில் ஒரு பலகையைக் கொண்டுவந்து போட்டார்கள். மச்சான் திரும்பி என்னைப் பார்த்தார். "மாப்ள, ரோட்டாண்ட போயி வண்டிங்கள கொஞ்சம் நிறுத்தி வை."

போனேன். ரோட்டுக்கு நடுவில் நின்று இரண்டு கைகளையும் விரித்தேன். ஷேர் ஆட்டோக்களும் பைக்குகளும் ஒரு தண்ணீர் லாரியும் வரிசையாக நின்றன. அத்தனை வருடம் மைக்கில் கத்தியும் ஒரு வண்டி எனக்காக நின்றதில்லை. அன்றைக்கு நின்றன.

லாரி தூணில் படாமல், கம்பத்தில் படாமல், மெதுவாகத் திரும்பி ரோட்டில் ஏறியது. டிரைவர் தலையை வெளியே நீட்டி மச்சானைப் பார்த்துச் சிரித்தான்.

"ரொம்பத் தேங்க்ஸ்ணா. நீங்க மட்டும் இல்லன்னா இத வெளிய எடுத்தே இருக்க முடியாது."

மச்சான் லாரியின் பின்பக்கம் போய்க் கயிற்றை ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.

"இந்தப் பக்கம் லூசா கீது. பெருங்களத்தூர் தாண்டி ஓரமா நிறுத்தி, ஒரு தபா இழுத்துக் கட்டிக்கோ" என்றார்.